சிஸ்டரம்மாவிடம் கேளுங்கள்: ‘அன்பினால்தான் சொல்கிறேன்’

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்து வைத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் பேச்சைப் பற்றியே இருக்கின்றன. எப்படிப் பேசுவது, எப்படிப் பேசாமல் இருப்பது, பேசிவிட்டவர்களை என்ன செய்வது. ‘உங்கள் சாந்தகுணம் எல்லா மனுஷருக்கும் தெரிந்திருப்பதாக’ என்ற பிலிப்பியர் வசனத்தைப் போன இதழில் போட்டிருந்தோம். அதுதான் கிளறிவிட்டிருக்க வேண்டும். பெயர்களை எடுத்துவிட்டேன், நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் வேதாகமக் கல்லூரியில் படித்தவள் இல்லை. ஆஸ்பத்திரி வார்டிலேயே காலம் தள்ளி ஓய்வுபெற்ற நர்ஸ். வசன விளக்கத்தில் சந்தேகம் வந்தால் உங்கள் சபைப் போதகரை, அதாவது ஐயரை, கேளுங்கள். மற்றதற்கு நான் இருக்கிறேன்.

கல்யாணமாகி நான்கு வருஷம். குழந்தை இல்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தாலே, ‘விசேஷம் உண்டா?’ என்று கேட்கிறார்கள். இல்லை என்றால், ‘அன்னாளைப் போல அழுது ஜெபம் பண்ணும்மா’ என்கிறார்கள். அப்படியானால் நான் ஜெபம் பண்ணவில்லை என்றா அர்த்தம்? இப்போதெல்லாம் கடைசிப் பாட்டு முடிவதற்குள் பக்கவாசல் வழியாகக் கிளம்பிவிடுகிறேன். எரிந்து விழாமல் இவர்களுக்கு எப்படிப் பதில் சொல்வது?
– வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

மகளே, உனக்கு அன்னாளைச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் 1 சாமுவேல் முதல் அதிகாரத்தை இன்னொரு தடவை வாசித்தால் தேவலை. அந்த அதிகாரத்தில் பிள்ளையில்லாத அன்னாளிடம் மூன்று பேர் பேசுகிறார்கள். மூன்று பேருமே முதலில் தப்பாகத்தான் பேசுகிறார்கள்.

சக்களத்தி பெனின்னாளை விட்டுவிடுவோம், அவள் வேண்டுமென்றே குத்துகிறவள். ஆனால் அவள் எப்போது குத்துகிறாள் என்று பார். வருஷா வருஷம் ஆலயத்துக்குப் போகிற சமயத்தில். உனக்கு ஆராதனை முடிந்து வெளியே வரும் நேரம். அடுத்தது கணவன் எல்க்கானா. நல்ல மனுஷன், பாசக்காரன். ‘பத்துக் குமாரரைப்பார்க்கிலும் நான் உனக்கு அதிகமல்லவா’ என்று கேட்கிறான். அதற்கு அன்னாள் என்ன சொன்னாள் என்று வேதத்தில் இல்லை. என்னத்தைச் சொல்வாள், பாவம். மூன்றாவது ஆள் ஏலி. ஆசாரியர். இவள் உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. குடித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று முடிவுகட்டிவிட்டார். ஆலயத்துக்குள்ளேயே திட்டு.

அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பிடித்த இடம். ‘நான் மனக்கிலேசமுள்ள ஸ்திரீ’ என்று அவள் விளக்கம் சொல்கிறாள். ஏலி கேட்டுக்கொள்கிறார். ‘நான் சொன்னதில் என்ன தப்பு, உன்னைப் பார்த்தால் அப்படித்தானே இருந்தது’ என்று வாதாடவில்லை. ‘சமாதானத்துடனே போ’ என்கிறார். அவள் போய்ச் சாப்பிடுகிறாள், அதன்பின் அவள் முகம் துக்கமாயிருக்கவில்லை என்று எழுதியிருக்கிறது. இதற்குள் குழந்தை உண்டாகிவிடவில்லை. மகன் சாமுவேல் பிறப்பது அப்புறம். ஒருவர் காதுகொடுத்துக் கேட்டு ஒரு நல்ல வார்த்தை சொன்னதிலேயே அவள் முகம் மாறிவிட்டது. ‘அன்னாளைப் போல ஜெபி’ என்று உன்னிடம் சொல்கிறவர்களில் எத்தனை பேர், நாம் ஏலியைப் போலக் கேட்டோமா என்று யோசித்திருப்பார்கள்?

சரி, நீ என்ன சொல்ல வேண்டும்? ‘இல்லை அத்தை. இருந்தால் நானே வந்து சொல்வேன். இதை இனிமேல் கேட்காதீங்க, கஷ்டமா இருக்கு.’ அவ்வளவுதான். சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும் என்று கட்டாயமில்லை. குரலை உயர்த்தாமல் சொன்னால் போதும். சாந்தகுணம் என்றால் வலிக்காதது மாதிரி நடிப்பது என்று நம் பெண்பிள்ளைகளுக்கு யாரோ சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறார்கள். வலிக்கிறது என்று அமைதியாகச் சொல்வதும் சாந்தம்தான். சொல்லிவிட்டு உடனே, ‘உங்க மூட்டுவலி இப்ப எப்படி இருக்கு?’ என்று கேட்டுப் பார். அதற்குப் பிறகு நீ வாயைத் திறக்க வேண்டிய அவசியமே வராது. கேட்கிறவர்களில் பலர் கெட்டவர்கள் இல்லை. உன்னிடம் வேறென்ன பேசுவது என்று தெரியாமல் கேட்கிறார்கள்.

நர்ஸாக ஒன்று சொல்கிறேன். ஒரு வருஷம் சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்கவில்லை என்றால் கணவன், மனைவி இரண்டு பேரும் பரிசோதனைக்குப் போவதுதான் முறை. அவருக்குச் செய்யும் முதல் பரிசோதனை உனக்குச் செய்வதைவிட எளிது. காரணம் யாரிடமும் இருக்கலாம். வாசலில் நிற்கிற அத்தைமார் உன் கணவரை நிறுத்தி வைத்து ‘விசேஷம் உண்டா?’ என்று ஒருநாளாவது கேட்டிருக்கிறார்களா? அடுத்த ஞாயிறு அவரைக் கூடவே நிற்கச் சொல். பதிலையும் அவரே சொல்லட்டும். பாட்டை முழுசாகப் பாடிவிட்டுப் பெரிய வாசல் வழியாகவே வா.

எங்கள் சபை அசன விருந்துக் கணக்கில் குழப்பம். அரிசிக்கும் ஆட்டுக்கறிக்கும் போட்ட தொகை ஒத்துவரவில்லை. ராத்திரி 11 மணிக்கு சபை வாட்ஸ்அப் குழுவில், ‘அன்பினால்தான் சொல்கிறேன்’ என்று ஆரம்பித்து விவரமாக எழுதினேன். பொருளாளர் குழுவை விட்டே வெளியேறிவிட்டார். ஐயர் என்னைக் கூப்பிட்டு, ‘சாந்தமாய் இரும்’ என்கிறார். இயேசுவே பரிசேயரை ‘விரியன்பாம்புக்குட்டிகளே’ என்றாரே? சத்தியத்தைச் சொல்வதில் என்ன சாந்தம் வேண்டிக்கிடக்கிறது?
– கமிட்டி உறுப்பினர், திருநெல்வேலி மாவட்டம்

ஐயா, கணக்கைக் கேட்டது சரி. காணிக்கைப் பணம், கேட்கத்தான் வேண்டும். கேட்ட இடமும் நேரமும்தான் இடிக்கிறது.

விரியன்பாம்புக்குட்டிகள் விஷயத்தை அடிக்கடி என்னிடம் கொண்டு வருகிறார்கள். சண்டை போடப் போகிற எல்லோருக்கும் மத்தேயு 23 ஆம் அதிகாரம் மனப்பாடம், 18 ஆம் அதிகாரம் மறந்துபோகும். இயேசு அப்படிப் பேசியது, மற்றவர்கள் தோளில் சுமக்க முடியாத சுமையை ஏற்றிவைத்துவிட்டுத் தாங்கள் ஒரு விரலாலும் தொடாதவர்களிடம். உங்கள் பொருளாளர் எப்படி? எனக்குத் தெரிந்த அசனங்களில் பொருளாளர் என்பவர் சம்பளம் இல்லாமல், கிடாரத்துக்குப் பக்கத்தில் விடிய விடிய நின்று, கடைசிப் பந்தியில் கறி தீர்ந்துபோய் வெறும் சோற்றோடு எழுந்து போகிறவர். அவர் தப்பே செய்திருக்கலாம். ஆனாலும் அவர் பரிசேயர் இல்லை, உங்கள் சகோதரர். சகோதரன் குற்றம் செய்தால் என்ன செய்ய வேண்டும் என்று மத்தேயு 18:15 இல் இருக்கிறது: ‘நீயும் அவனும் தனித்திருக்கையில்.’ தனித்திருக்கையில். குழுவில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. வெளியூரில் இருக்கிற அவருடைய மருமகனும் அதில் இருப்பார் என்று நினைக்கிறேன்.

‘அன்பினால்தான் சொல்கிறேன்’ என்று ஒருவர் தொடங்கினால் நான் கையால் முகத்தை மறைத்துக்கொள்ளத் தயாராகிவிடுவேன். பின்னால் வருவது அடிதான் என்று அனுபவம். அன்பினால் சொல்கிறவர் அதை அறிவித்துக்கொண்டு சொல்வதில்லை.

அவர் வீட்டுக்குப் போங்கள். போனை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். ‘கறிக்கடை பில் எனக்குப் புரியவில்லை, கொஞ்சம் காட்டுங்களேன்’ என்று கேளுங்கள். முன்பணம் கொடுத்தது, மிச்சம் வந்தது என்று ஏதாவது இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பில் இல்லை என்றால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு மறுபடி போங்கள். அப்புறம் கமிட்டியில் எழுத்து மூலமாக வையுங்கள், தணிக்கை கேளுங்கள். இந்த வரிசையும் அதே அதிகாரத்தில்தான் இருக்கிறது. கேள்வியை வாபஸ் வாங்க வேண்டாம். ஆனால் குழுவில் போட்டதற்குக் குழுவிலேயே வருத்தம் தெரிவியுங்கள். அது பகல் நேரத்தில் இருக்கட்டும்.

அம்மாவுக்குப் புற்றுநோய். கீமோ போய்க்கொண்டிருக்கிறது. பார்க்க வந்த ஒருவர், ‘விசுவாசம் இருந்தால் இந்த மருந்தெல்லாம் எதற்கு?’ என்றார். இன்னொருவர், ‘வீட்டில் மறைவான பாவம் ஏதாவது இருக்கிறதா என்று ஆராய்ந்து பாருங்கள்’ என்றார். மூன்றாவது ஆள் தன் சித்திக்கு இதே நோய் வந்து ஆறு மாதத்தில் இறந்த கதையை ஒன்றுவிடாமல் சொன்னார். அவர்கள் போனபின் அம்மா ராத்திரி முழுக்க அழுகிறாள். வராதீர்கள் என்று சொல்லலாமா? அது கிறிஸ்தவ அன்பாகுமா?
– மகள், கன்னியாகுமரி மாவட்டம்

சொல்லலாம். நீ வாசலில் நின்று சொல். அம்மாவிடம் காட்டுகிற இரக்கமும் இரக்கம்தானே. வருகிறவர்களுக்கு எல்லாம் காட்டித் தீர்த்துவிட்டு மிச்சத்தை அம்மாவுக்குக் கொடுக்க வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

உனக்கு ஒரு நல்ல காரணமும் கையில் இருக்கிறது. கீமோ ஓடுகிற நாட்களில் வெள்ளை அணுக்கள் குறையும், சாதாரணச் சளிகூட ஆளைப் படுத்திவிடும். ‘கூட்டம் கூடலாமா டாக்டர்?’ என்று அடுத்த முறை கேள். கூடாது என்பார். அதையே வருகிறவர்களிடம் சொல். பொய் சொன்னோமே என்ற உறுத்தலும் இருக்காது.

மறைவான பாவம் தேடச் சொன்னவருக்கு யோவான் 9 ஆம் அதிகாரம். பிறவிக் குருடனைப் பார்த்ததும் சீஷர்கள் கேட்ட முதல் கேள்வியே, ‘இவன் செய்த பாவமோ, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமோ’ என்பதுதான். அந்த மனுஷனுக்குக் கண்தான் தெரியாது, காது நன்றாகக் கேட்கும். அவனை வைத்துக்கொண்டே கேட்டிருக்கிறார்கள். இரண்டும் இல்லை என்று இயேசு முடித்துவிட்டார். அதற்குப் பிறகும் கட்டிலுக்குக் கட்டில் அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு அலைகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அது ஏன் என்று யோசித்தால், எனக்கு அவர்கள்மேல் கோபத்தைவிடப் பரிதாபம்தான் வருகிறது. இவருக்குப் பாவத்தினால் வந்தது என்றால் நமக்கு வராது என்று நினைத்துக்கொள்ளலாம் அல்லவா? அவர்கள் அம்மாவுக்கு ஆறுதல் சொல்லவில்லை. தங்கள் பயத்துக்கு ஆறுதல் தேடுகிறார்கள். விசுவாசம் இருந்தால் மருந்து எதற்கு என்றவரும் இதே ரகம். அவர் மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாரா என்று கவனித்தாயா?

எல்லாம் இழந்து நோயிலும் கிடந்த யோபுவின் மூன்று நண்பர்களை எல்லோரும் திட்டுகிறோம். ஆனால் வந்தவுடன் அவர்கள் செய்ததை மறந்துவிடுகிறோம். ஏழு நாள், இரவும் பகலும், அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவனுடைய துக்கம் எவ்வளவு கொடியது என்று கண்டதால் பேசவில்லை என்று இருக்கிறது. ஏழு நாளுக்குப் பிறகு வாயைத் திறந்தார்கள், அதோடு கெட்டது. கடைசி அதிகாரத்தில் கர்த்தருக்கு அவர்கள்மேல் கோபம் வந்தது பேசினதற்காகத்தான், உட்கார்ந்திருந்ததற்காக இல்லை.

களக்காட்டுப் பக்கம் டோனாவூரில் ஊழியம் செய்த எமி கார்மைக்கேல் அம்மையார் 1931 இல் ஒரு குழியில் தவறி விழுந்தார். அதிலிருந்து 1951 இல் இறக்கும்வரை பெரும்பாலும் தன் அறையிலும் படுக்கையிலும்தான் இருந்தார். நோயாளிகளுக்கு என்று அச்சடித்த ஆறுதல் புத்தகங்கள் அவருக்கும் வந்தன. சுகமாக நடமாடுகிறவர்கள் படுத்துக் கிடப்பவர்களுக்கு எழுதியவை. அவை மனதில் ஒட்டவில்லை. அதனால்தான் வலியில் கிடந்தபடி, வலியில் கிடப்பவர்களுக்கென்று அவரே எழுதினார். ஒரு மிஷனரி அம்மாவுக்கே அப்படியென்றால் உன் அம்மா அழுவதில் ஆச்சரியமில்லை. அவளுக்கு விசுவாசம் குறைவு என்று நீயும் நினைத்துவிடாதே.

நோயாளியைப் பார்க்கப் போகிற வாசகர்களுக்கும் நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன், விசிட்டிங் நேரத்தில் சொல்ல முடியாமல் வாயை மூடிக்கொண்டிருந்ததெல்லாம் சேர்ந்து கிடக்கிறது. போனதும் உட்காருங்கள். தலைமாட்டில் நின்றுகொண்டு பேசினால் படுத்திருப்பவர் அண்ணாந்து பார்த்தே களைத்துப்போவார். கட்டிலில் உட்காராதீர்கள், ஸ்டூல் இருக்கும். மல்லிகைப்பூ, சென்ட், கருவாட்டுக் குழம்பு எதுவும் வேண்டாம், கீமோ எடுப்பவருக்கு மணம் பட்டாலே குமட்டும். ‘எத்தனாவது ஸ்டேஜ்?’ என்று கேட்காதீர்கள், தெரிந்து நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்? ‘ஜெபிக்கட்டுமா?’ என்று கேட்டுவிட்டு ஜெபியுங்கள். ‘இப்ப வேண்டாம்’ என்றால் புண்படாதீர்கள். ஜெபித்தால் சின்னதாக, மெதுவாக. பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் அப்போதுதான் கண் அசந்திருப்பார். ஜெபத்துக்குள்ளே பிரசங்கம் பண்ணாதீர்கள். கர்த்தருக்குச் சொல்கிற மாதிரி நோயாளிக்குப் புத்தி சொல்கிற ஜெபங்களை நான் எத்தனையோ கேட்டிருக்கிறேன். பத்து நிமிஷத்தில் எழுந்துகொண்டு, கூட இருந்து பார்த்துக்கொள்கிற பிள்ளையைக் கீழே கூட்டிப்போய் ஒரு காப்பி வாங்கிக் கொடுங்கள். அவள் சாப்பிட்டாளா என்று அன்றைக்கு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

என் கணவர் கோபக்காரர். கத்துவார், இரண்டு முறை கைநீட்டியும்விட்டார். சபையில் ஒரு மூத்த சகோதரியிடம் சொன்னேன். ‘சாந்தமும் அமைதலுமுள்ள ஆவி’ என்ற வசனத்தைக் காட்டி, மெதுவாகப் பேசினால் மாறிவிடுவார் என்றார். நான் இன்னும் எவ்வளவு மெதுவாகப் பேசுவது?
– பெயரும் ஊரும் வேண்டாம்

அம்மா, உன் குரலின் அளவுக்கும் அவர் கைக்கும் சம்பந்தமில்லை. ‘மெதுவான பிரதியுத்தரம் உக்கிரத்தை மாற்றும்’ என்று நீதிமொழிகள் சொல்வது உண்மை. அது பேச்சுக்குப் பேச்சு நடக்கிற இடத்துக்கு. அடிக்கிறவரைத் திருத்துவது அடிபடுகிறவளின் வேலை என்று அதற்கு அர்த்தம் இல்லை.

அந்தச் சகோதரி காட்டியது 1 பேதுரு 3:4. மூன்று வசனம் தள்ளி ஏழாம் வசனம் புருஷருக்கு எழுதியது. மனைவிக்குச் செலுத்த வேண்டிய கனத்தைச் செலுத்தாவிட்டால் ஜெபமே தடைப்படும் என்கிறது. அந்தப் பக்கத்தைப் புரட்டாமல் விட்டுவிட்டார்கள். பிரதான ஆசாரியன் முன்னால் ஒரு சேவகன் இயேசுவை அறைந்தபோது அவர் திட்டவும் இல்லை, சும்மா இருக்கவும் இல்லை. ‘நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்?’ என்று கேட்டார். அவரே கேட்டிருக்கும்போது நீ கேட்கலாம்.

நீ தனியாக நின்று கேட்கவும் வேண்டாம். 181 பெண்களுக்கான உதவி எண், எந்த நேரமும் கூப்பிடலாம். 2005 ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் பாதுகாப்பு அலுவலர் உண்டு, மாவட்ட சமூகநல அலுவலகத்தில் விசாரித்தால் சொல்வார்கள். காயம் இருந்தால் ஆஸ்பத்திரியில் ‘வழுக்கி விழுந்தேன்’ என்று சொல்லாதே. எங்களுக்குத் தெரியும். நீ வாயால் சொன்னால்தான் எழுத முடியும். அம்மா வீட்டிலோ நம்பிக்கையான ஒருவர் வீட்டிலோ ஆதாரும் கொஞ்சம் பணமும் வைத்துவிடு. எனக்கு மறுபடி எழுது.

அம்மா காலையில் ஒரு மணி நேரம் ஜெபிக்கிறார். முழங்காலிலிருந்து எழுந்ததும் வீட்டு வேலைக்கு வருகிற அக்காவைத் திட்ட ஆரம்பிக்கிறார். அவர்களுக்குக் காப்பிக்கென்று தனி டம்ளர். நான் கல்லூரியில் படிக்கிறேன். சொன்னால், ‘பெரியவங்களுக்குப் புத்தி சொல்றியா?’ என்கிறார்.
– மாணவி, மதுரை

திட்டுக்கு ஒரு வழி, டம்ளருக்கு வேறு வழி.

திட்டுகிற நேரத்தில் குறுக்கே போகாதே. அம்மாவுக்கு இரண்டு பேர் எதிரியாகிவிடுவீர்கள், நீ கல்லூரிக்குப் போனபின் அதற்கும் சேர்த்து அந்த அக்காதான் வாங்கிக்கட்டிக்கொள்வாள். சாயங்காலம் அம்மா நிதானமாக இருக்கும்போது ரூத் புத்தகம் இரண்டாம் அதிகாரத்தை இருவரும் சேர்ந்து வாசியுங்கள். போவாஸ் தன் வேலையாட்களிடம் ரூத்தைப் பற்றி, ‘அவளை ஈனம்பண்ணவேண்டாம்’, ‘அவளை அதட்டாதிருங்கள்’ என்கிறான். அவள் அந்நிய ஜாதிக்காரி, கதிர் பொறுக்க வந்தவள். அவளைத் தன் ஆட்களோடு உட்காரவைத்துச் சாப்பிடவும் சொன்னான். நீ விளக்கம் ஒன்றும் சொல்லாதே. அம்மா ஜெபிக்கிறவர், புரிந்துகொள்வார் என்று நம்புகிறேன்.

டம்ளர் விஷயத்தில் நான் அவ்வளவு பொறுமைசாலி இல்லை. ஒரே பாத்திரத்தில் நற்கருணை வாங்குகிற நாம் வீட்டுக்கு வந்து டம்ளரைப் பிரிப்பது என்ன நியாயம்? நாளைக் காலையில் அந்தத் தனி டம்ளரில் நீ காப்பி ஊற்றிக் குடி. உன்னுடையதில் அக்காவுக்குக் கொடு. தினமும். வாயால் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

பக்கத்து வீட்டு அக்கா பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை கொண்டுவந்தார். என் மாமியார் வாசலிலேயே, ‘நாங்க படைத்ததைச் சாப்பிட மாட்டோம்’ என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். கிறிஸ்துமஸுக்கு நாங்கள் கொடுக்கிற முறுக்கும் கேக்கும் அவர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது.
– வாசகி, சென்னை

படைத்ததைச் சாப்பிடலாமா கூடாதா என்பதற்கு 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரை பவுல் நீளமாக எழுதியிருக்கிறார். அவரவர் மனச்சாட்சி அவரவருக்கு. உன் மாமியார் சாப்பிட வேண்டாம் என்று நினைப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். கதவைத்தான் குறை சொல்கிறேன்.

அத்தேனே பட்டணத்தில் விக்கிரகங்களைப் பார்த்துப் பவுலுக்கு உள்ளுக்குள் கொதித்தது என்று அப்போஸ்தலர் 17 இல் இருக்கிறது. ஆனால் எழுந்து நின்று பேசினபோது முதல் வாக்கியம், ‘எந்த விஷயத்திலும் நீங்கள் மிகுந்த தேவதாபக்தியுள்ளவர்களென்று காண்கிறேன்’ என்பதுதான். கொதித்ததை அடக்கி மரியாதையாகத் தொடங்கினார். நம் வீட்டு வாசலுக்கு அதே போதும்: ‘வாங்கக்கா, உள்ளே உட்காருங்க. எங்களை நினைச்சு எடுத்துட்டு வந்தீங்களே. பூஜையில் வைத்தது நாங்க சாப்பிடுறதில்லை, தப்பா நினைக்காதீங்க. காப்பி குடிச்சிட்டுப் போங்க.’ உண்மையையும் சொல்லியாயிற்று, ஆளையும் உள்ளே கூப்பிட்டாயிற்று. பல இந்துக் குடும்பங்களில், ‘உங்களுக்கென்று படைக்காமல் தனியாக எடுத்து வைத்தேன்’ என்று கொண்டுவந்து கொடுப்பார்கள். அந்த அளவுக்கு நம்மை யோசிக்கிறவர்கள். இந்த வாரமே அந்த அக்கா வீட்டுக்கு நீ போ. மாமியாரைப் பற்றிக் குறை சொல்லாமல், ‘அன்னைக்கு அப்படி ஆயிடுச்சு, மனசில் வைக்காதீங்க’ என்று சொல்லிவிட்டு வா.

மென்மையாகப் பேசுகிறேன் என்பதால் கொத்தனார் முதல் எலக்ட்ரீசியன் வரை எல்லோரும் ஏமாற்றுகிறார்கள். என்ன செய்ய?
– வாசகர், திருச்சி

மென்மையாகவே பேசுங்கள். முன்பணத்தை மட்டும் மென்மையாகக் கொடுக்காதீர்கள்.

அப்பாவுக்கு 82 வயது. காது மந்தம். எதையும் கத்தித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. கத்தினால் என் குரல் கோபமாகிவிடுகிறது, அவரும் ‘ஏன் திட்டுறே?’ என்கிறார். உண்மையிலேயே எனக்குக் கோபமும் வருகிறது. சாந்தமாக எப்படிக் கத்துவது?
– மகன், கோயம்புத்தூர்

தம்பி, இந்த மாதத்திலேயே எனக்குப் பிடித்த கேள்வி இது.

கத்தவே வேண்டாம். வயதில் வரும் காது மந்தத்தில் பெரும்பாலும் முதலில் போவது மெல்லிய, கீச்சுச் சத்தங்கள். நாம் கத்தும்போது குரல் மேலே ஏறும். அவருக்குக் கேட்காத பக்கமாகவே ஏறும், அதோடு வார்த்தையும் சிதையும். குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, கனமாக, வார்த்தைகளை இடைவெளி விட்டுப் பேசுங்கள். டிவியை நிறுத்திவிட்டுப் பேசுங்கள். அடுக்களையிலிருந்துகொண்டு கேள்வி கேட்காதீர்கள், அவர் முன்னால் வந்து, வெளிச்சம் உங்கள் முகத்தில் விழுகிற மாதிரி உட்காருங்கள். உதட்டைப் பார்த்துப் பாதியைப் பிடித்துக்கொள்வார். முதலில் தோளைத் தொட்டுக் கூப்பிடுங்கள். ஒரு வாக்கியம் புரியவில்லை என்றால் அதையே மூன்று தடவை சொல்லாமல் வேறு வார்த்தையில் சொல்லிப் பாருங்கள். ‘ஒண்ணுமில்லை, விடுங்க’ என்று மட்டும் சொல்லாதீர்கள். காது மந்தமானவர்களை அதைவிட நோகடிக்கும் வார்த்தை கிடையாது.

மாற்கு 7 ஆம் அதிகாரத்தில் காது கேளாத ஒருவனை இயேசுவிடம் கொண்டுவருகிறார்கள். அவர் அவனைக் கூட்டத்தை விட்டுத் தனியே அழைத்துப்போய், காதில் விரலை வைத்து, நாவைத் தொட்டு, அப்புறம்தான் பேசுகிறார். கேட்காதவனுக்கு எது புரியுமோ அந்த வழியில். நான் வார்டில் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பேன்.

அதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். காது, மூக்கு, தொண்டை டாக்டரிடம் ஒருமுறை கூட்டிப்போங்கள். வயதானவர்களுக்கு அழுக்கு இறுகி அடைத்துக்கொண்டிருப்பது சாதாரணம். எடுத்துவிட்டால் பாதி சரியாகிவிடலாம். பட்ஸ், தீக்குச்சி, ஹேர்பின் எதையும் வீட்டில் உள்ளே விடாதீர்கள். காது மிஷின் மாட்டச் சொன்னால், முதல் சில வாரம் எல்லாமே இரைச்சலாக இருக்கிறது என்று கழற்றிக் கழற்றி வைப்பார். வீட்டுக்குள் அமைதியான நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். பேட்டரியைக் கவரிலிருந்து பிரித்ததும் உடனே போடாமல், ஸ்டிக்கரை உரித்து ஒரு நிமிஷம் காற்றுப்பட வைத்துவிட்டுப் போடுங்கள். கொஞ்ச நாள் கூடுதலாக வரும்.